நந்தன் வேடத்துக்கு லட்சம், ரோசிக்குக் கல்

தமிழ் சினிமாவின் தொடக்க காலத்தைப் பற்றிய எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் தஞ்சைக்கு அதில் பெரிய இடம் இருக்கும். 1931இல் வந்த ‘காளிதாஸ்’ படத்தின் நாயகி டி.பி.ராஜலட்சுமி திருவையாற்றுக்காரர். ‘பாலயோகினி’, ‘தியாகபூமி’ படங்களை இயக்கிய கே.சுப்ரமணியம் பாபநாசத்துக்காரர். எம்.கே.தியாகராஜ பாகவதர் மாயவரத்தில் பிறந்தவர். ‘ஹரிதாஸ்’ படத்தில் அவரோடு நடித்த டி.ஆர்.ராஜகுமாரிக்குத் தஞ்சாவூர். பாடலாசிரியர் பாபநாசம் சிவன் பிறந்த போலகமும் பழைய தஞ்சை மாவட்டம்தான். கோயில், கச்சேரி மேடை, நாடகக் கொட்டகை மூன்றும் செழித்த மண் இது. அங்கே பழகிய குரல்களும் உடல்களும்தான் முதலில் சினிமாவுக்குப் போயின.

இந்தப் பட்டியலைப் படிக்கும் டெல்டா சேரிப் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி வரும். இதே மண்ணில் நாற்று நட்ட, கதிர் அறுத்த நம் பாட்டன் பாட்டிமார் இந்தக் கதையில் எங்கே?

விடை கொஞ்சம் விசித்திரமானது. நம் ஆள் ஒருவர் திரையின் நடுவிலேயே இருந்தார். ஆரம்பகாலத் தமிழ் சினிமா திரும்பத் திரும்பப் படமாக்கிய கதைகளில் ஒன்று, கொள்ளிடக் கரையைச் சேர்ந்த தீண்டப்படாத ஒருவரின் கதை. அவர்தான் நந்தன். ஆனால் பெரிதாகப் பேசப்பட்ட நந்தனார் படங்களில் நந்தனாக நின்றவர்கள் சேரியிலிருந்து வந்தவர்கள் அல்லர். அதே காலத்தில் திருவனந்தபுரத்தில் நம்மில் ஒரு பெண் நாயர் பெண்ணாக நடித்தார். அவரை ஊரைவிட்டே துரத்தினார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நாங்கள் சொல்ல வருவது. நடிப்பு என்ற கதவு சினிமாவின் தொடக்கத்திலிருந்தே ஒரு பக்கமாக மட்டும் திறந்தது. மேலே இருப்பவர் கீழே இருப்பவராக நடிக்கலாம். அது கலை, அது பக்தி, அதற்குச் சம்பளம் உண்டு. கீழே இருப்பவர் மேலே இருப்பவராக நடித்தால் அது குற்றம்.

நந்தன் யாருடைய நந்தன்?

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் வரும் திருநாளைப்போவார் ஆதனூர்ப் புலைப்பாடியைச் சேர்ந்தவர். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுப்பவர். அந்தக் கருவிகள் ஒலிக்கும் கோயிலுக்குள் அவரால் போக முடியாது. கடைசியில் தீயில் இறங்கிப் பூணூல் அணிந்த முனிவராக வெளியே வந்த பிறகுதான் தில்லைக்குள் போகிறார். இந்தப் புராணத்தில் அவரை வேலை வாங்கும் பண்ணையார் கிடையாது. நந்தனை அடக்கிவைக்கும் வேதியரையும், ஒரே இரவில் விளைந்த நாற்பது வேலி நெல்லையும் கதைக்குள் கொண்டுவந்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ எழுதிய கோபாலகிருஷ்ண பாரதி. அவரும் இந்த மாவட்டத்துக்காரர்தான். நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்தில் பிறந்து, மாயவரம் பக்கம் ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர். அவர் கண்ணால் பார்த்த தஞ்சைப் பண்ணையடிமை முறைதான் அந்தக் கதைக்குள் வந்து உட்கார்ந்தது. அந்த வகையில் அதை உண்மையான கதை என்றே சொல்லலாம்.

சினிமா எடுத்துக்கொண்டது இந்தக் கீர்த்தனையைத்தான். 1935இல் வெளிவந்த ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாக நடித்தவர் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள். அதற்காக அவருக்குக் கொடுக்கப்பட்ட ஒரு லட்சம் ரூபாய் அன்றைய இந்தியத் திரையுலகையே வாய்பிளக்க வைத்தது. வேதியராக நடித்தவர் கர்நாடக இசை மேதை மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். 1942இல் ஜெமினி நிறுவனம் மறுபடியும் ‘நந்தனார்’ எடுத்தது. இந்த முறை நந்தன், திருச்செங்காட்டங்குடியில் பிறந்த எம்.எம்.தண்டபாணி தேசிகர். வேதியர், செருகளத்தூர் சாமா. இருவருமே தஞ்சை மாவட்டம்.

சுந்தராம்பாளையோ தேசிகரையோ இழிவுபடுத்துவது எங்கள் நோக்கம் அல்ல. சுந்தராம்பாள் வறுமையிலிருந்து குரல் ஒன்றை மட்டுமே வைத்துக்கொண்டு மேலே வந்த பெண். கணவர் எஸ்.ஜி.கிட்டப்பா 1933இல் இறந்த பிறகு வெள்ளைச் சேலையோடு ஒதுங்கியிருந்தவரைத்தான் இந்தப் படத்துக்கு அழைத்துவந்தார்கள். தேசிகரின் பாட்டைச் சேரியிலும் நேசித்தார்கள். நடிப்பு என்றாலே இன்னொருவராக மாறுவதுதான், இதில் சாதி எங்கே வந்தது என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒரு பெண் ஆணாக நடிக்கலாம், ஓதுவார் மரபில் வந்தவர் சேரிக்காரராக நடிக்கலாம் என்றால், சேரிப் பெண் வேறு யாராகவும் நடிக்கலாம் அல்லவா? அந்த இடத்தில்தான் ரோசி வருகிறார்.

நாகர்கோவிலில் மறைந்த நாயகி

பி.கே.ரோசி திருவனந்தபுரம் நந்தன்கோட்டைச் சேர்ந்தவர். புலையர் சமூகம். சேக்கிழார் நந்தனைக் குறிக்கும் அதே சொல்தான். ரோசி புல் அறுத்துப் பிழைத்த குடும்பத்துப் பெண். தமிழும் மலையாளமும் கலந்து ஆடும் காக்காரிசி நாடகத்தில் நடித்துப் பழகியவர். அந்தக் காலத்தில் பெண்கள் மேடையேறுவதே அரிது.

அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த ஜே.சி.டேனியல் தன் சொத்தை விற்று ‘விகதகுமாரன்’ என்ற ஊமைப்படத்தை எடுத்தார். மலையாளத்தின் முதல் படம் அதுதான். அதில் சரோஜினி என்ற நாயர் பெண்ணாக ரோசி நடித்தார். திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் 1930இல் படம் திரையிடப்பட்டது. 1928 என்று எழுதுவோரும் உண்டு. தொடக்க விழாவுக்கு வந்த பெரிய மனிதர்கள், ரோசி அரங்கில் இருந்தால் நாங்கள் உட்கார மாட்டோம் என்றார்கள். தன் படத்தின் முதல் காட்சியைப் பார்க்க நாயகிக்கு இடமில்லை. படம் ஓடியபோது, நாயகியின் கூந்தலில் இருந்த பூவை நாயகன் முத்தமிடும் காட்சியில் திரை மீது கல் விழுந்தது. ஒரு புலையப் பெண் எப்படி நாயர் பெண்ணாக வரலாம் என்பதுதான் அவர்களின் ஆத்திரம். பிறகு ரோசியின் குடிசைக்குத் தீ வைத்தார்கள்.

அவர் தமிழ்நாட்டுப் பக்கம் வந்துகொண்டிருந்த ஒரு லாரியில் ஏறித் தப்பினார். அந்த லாரியை ஓட்டிய நாயர் ஒருவரையே மணந்துகொண்டு நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்தார். மறுபடி நடிக்கவில்லை. பழைய பெயரையும் திரை வாழ்க்கையையும் வெளியே சொல்லவில்லை. ஊமைப்படத்தில் சில காட்சிகளில் நாயர் பெண்ணாக வந்ததற்காக அடிபட்டவர், உயிரோடு இருப்பதற்காக அதே வேடத்தை ஆயுள் முழுவதும் போட வேண்டியிருந்தது. சினிமாவில் சாதி என்ன செய்யும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று நமக்குத் தேவையில்லை.

தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். ரோசியின் திரைக்குக் கல் விழுந்து சில ஆண்டுகளுக்குள்தான் சுந்தராம்பாளுக்கு நந்தன் வேடத்துக்கு லட்சம் கொடுத்தார்கள். ஒரே தலைமுறை, பக்கத்துப் பக்கத்து ஊர்கள், ஒரே தொழில்.

எல்லா நடிகைகளுக்கும் அதே கதைதானா?

இன்னொரு வாதமும் உண்டு. அந்தக் காலத்தில் சினிமாவுக்கு வந்த எல்லோரையும் கூத்தாடி என்று ஊர் இகழ்ந்தது, நடிகைகளுக்கு எந்தச் சாதியிலும் மரியாதை இல்லை, ரோசிக்கு நடந்ததும் அதன் ஒரு பகுதிதான் என்பார்கள்.

இதில் பாதி உண்மை. திருவையாறு ராஜலட்சுமியையே எடுத்துக்கொள்வோம். பார்ப்பனக் குடும்பம். விவரம் தெரியாத வயதில் திருமணம் செய்துவைக்கப்பட்டு, அது முறிந்து, பிழைப்புக்காக நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். அவருடைய சாதியார் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. தஞ்சாவூர் ராஜகுமாரி போன்று இசைவேளாளர் குடும்பங்களிலிருந்து வந்த பெண்கள் தேவதாசி மரபின் பெயரால் இழிவு சுமந்தார்கள். பெண்ணின் உடல் மேடையில் தெரிந்தால் அது பொதுச்சொத்து என்று நினைத்த ஆணாதிக்கம் இவர்கள் எல்லோரையும் தாக்கியது. அந்தப் போராட்டம் நமக்கும் உரியது. இதை மறுக்க மாட்டோம்.

ஆனால் மீதிப் பாதியைப் பார்ப்போம். ராஜலட்சுமி ‘சினிமா ராணி’ என்று கொண்டாடப்பட்டார். 1936இல் ‘மிஸ் கமலா’ படத்தைத் தானே எழுதி இயக்கினார். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் அவர். ராஜகுமாரி, தம்பி டி.ஆர்.ராமண்ணாவோடு சேர்ந்து படக் கம்பெனி நடத்தினார். சென்னை தியாகராய நகரில் சொந்தப் பெயரில் தியேட்டர் கட்டினார். இழிவு இருந்தது, இழிவைத் தாண்டி ஏறுவதற்கு ஒரு படியும் இருந்தது. ரோசிக்கு அந்தப் படி கிடைக்கவில்லை. மற்றவர்களிடமிருந்து நல்ல பெயரைப் பறித்தார்கள். ரோசியிடமிருந்து பெயரையே பறித்தார்கள். சாதியும் ஆணாதிக்கமும் சேர்ந்து விழும்போது அடி கூடுதலாக விழுகிறது என்று வகுப்பில் படிப்பதன் பொருள் இதுதான்.

டேனியலுக்கும் நியாயம் செய்ய வேண்டும். சாதியின் பார்வையில் அவரும் மேலே இருந்தவர் அல்லர், நாடார் கிறிஸ்தவர். அந்தப் பெண்ணை நாயகியாக நிறுத்தும் துணிச்சல் அவருக்கு இருந்தது. அந்தப் படத்தோடு எல்லாவற்றையும் இழந்து 1975இல் கிட்டத்தட்ட மறக்கப்பட்டவராக இறந்தார். ஆனால் பிற்பாடு அவருக்கு வரலாறு திரும்பக் கிடைத்தது. 1992இலிருந்து கேரள அரசு தன் உயரிய திரை விருதை அவர் பெயரில் கொடுக்கிறது. 2013இல் ‘செல்லுலாய்ட்’ என்ற படம் அவர் வாழ்க்கையைச் சொன்னது. ரோசியின் பெயருக்கு அதைவிட நெடுங்காலம் ஆனது. மலையாளத் திரைப்பெண்கள் தங்கள் திரைப்படக் கழகத்துக்கு ரோசியின் பெயரை வைத்தது 2019இல்தான். சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் முகப்பில் அவரை வரைந்தார்கள். அந்தப் படச்சுருள் இன்று எங்கும் இல்லை.

திரைக்குக் கீழே

மறுபடி டெல்டாவுக்கு வருவோம். 1942இல் ‘நந்தனார்’ ஓடிய கொட்டகைக்கு வெளியே உண்மையான நந்தன்களின் நிலை என்ன? கீழத்தஞ்சையில் பண்ணையாளுக்குச் சாட்டையடியும் சாணிப்பாலும் நடைமுறையில் இருந்தன. திரையில் நந்தன் வேதியரிடம் சிதம்பரம் போக அனுமதி கேட்டுக் கெஞ்சிப் பாடினார். அடுத்த ஆண்டு, 1943இல், மன்னார்குடி வட்டம் தென்பரையில் பி.சீனிவாசராவ் முன்னின்று விவசாயிகள் சங்கம் அமைத்தபோது, வயலில் இருந்த நந்தன்கள் அனுமதி கேட்பதை நிறுத்தினார்கள். 1944இல் மன்னார்குடி ஒப்பந்தம் வந்தது. 1952இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அந்தத் தீயிலிருந்து யாரும் முனிவராக வெளியே வரவில்லை.

நம் முன்னோர்கள் நந்தனை வேறு விதமாக எடுத்துக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கொள்ளிடத்துக்கு அக்கரையில், சிதம்பரத்தில், சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரில் கல்விக்கழகமும் பள்ளியும் தொடங்கினார். நந்தனை நிறுத்திய அதே ஊரில் நந்தனின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குள் போனார்கள். அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட, தீண்டப்படாதோரின் தோற்றம் பற்றிய நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளா மூவரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். சினிமாவுக்கு நந்தன் தீயில் புனிதமான பக்தர். அம்பேத்கருக்கு அவர் நம் முன்னோர். ஒரே பெயரை இரண்டு தரப்பும் எப்படிப் பயன்படுத்தின என்பதே ஒரு ஆய்வேட்டுக்குப் போதுமானது. முதுகலை மாணவர்கள் யாராவது எடுத்துச் செய்யுங்கள்.

சினிமாத் தொழிலில் நம் ஆட்கள் இல்லவே இல்லையா? இருந்தார்கள். திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டத் தொடங்கினார். அந்தக் கதையை நாம் படித்திருக்கிறோம். அப்படி வந்த கூடாரங்களுக்கு மூங்கில் நட்டது யார்? மணல் கொட்டிப் பரப்பியது யார்? படப்பெட்டியைத் தலையில் சுமந்தது யார்? மாட்டு வண்டியில் தட்டி கட்டி, மேளம் அடித்துக்கொண்டு, நோட்டீஸ் வீசியபடி ஊர் சுற்றியவர்கள் யார்? ஒரு ஊரில் எந்தச் செய்தியையும் தண்டோரா போட்டுச் சொல்லும் வேலை எந்தச் சாதியின் தலையில் கட்டப்பட்டிருந்தது என்பது நமக்குத் தெரியும். சினிமாவும் அந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டது. தோல் கொடுத்த நந்தன் கோயிலுக்கு வெளியே நின்றதைப் போல, பறையடித்து ஊரைக் கூட்டியவரும் தொழிலின் வரலாற்றுக்கு வெளியே நிற்கிறார். ஸ்டூடியோவில் செட்டுக்கு மரம் தூக்கியவர், விளக்கு பிடித்தவர், கும்பல் காட்சிக்கு லாரியில் ஏற்றிவரப்பட்டவர் என்று எவர் பெயரும் அன்றைய படங்களின் டைட்டிலில் வராது. டைட்டிலில் வராதவர்கள் புத்தகத்திலும் வருவதில்லை.

சேர்ந்து உட்கார வைத்தது சினிமாதான், தரை டிக்கெட் வாங்கினால் எந்தச் சாதிக்காரரும் எங்கும் உட்காரலாம் என்பார்கள். இதிலும் உண்மை இருக்கிறது. தேநீர்க் கடையில் தனிக் குவளை இருந்த காலத்தில், காசு கொடுத்தவரை இருட்டில் ஒன்றாக உட்கார வைத்த இடம் கொட்டகை. நம் ஆட்கள் சினிமாவை அவ்வளவு நேசித்ததற்கு அது ஒரு காரணம். ஆனால் அந்தச் சலுகை படம் பார்ப்பவருக்கு மட்டும்தான் இருந்தது. திரைக்குள் போக நினைத்தவருக்கு என்ன கிடைத்தது என்பதை ரோசியிடம் கேட்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது

டூரிங் டாக்கீஸில் வேலை பார்த்தவர்கள் இன்னமும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். எழுபது, எண்பது வயதுக்காரர்கள். ஆபரேட்டருக்கு உதவியாக இருந்தவர், போஸ்டர் ஒட்டியவர், டிக்கெட் கிழித்தவர், முறுக்கு விற்ற அம்மா. திருவாரூர், மன்னார்குடி, சீர்காழி, பட்டுக்கோட்டை என்று டெல்டாவின் எந்தப் பக்கம் போனாலும் விசாரித்தால் ஒருவராவது கிடைப்பார். அவர்களுடைய அப்பா, தாத்தா ஊமைப்படக் காலத்தைப் பற்றிச் சொன்னதும் அவர்கள் நினைவில் இருக்கும். இன்னும் பத்து வருடம் கழித்துப் போனால் கேட்க ஆள் இருக்காது.

களத்தில் எங்கள் அனுபவத்திலிருந்து சில யோசனைகள். போனவுடன் “எம்.ஜி.ஆரைப் பார்த்திருக்கிறீர்களா தாத்தா?” என்று ஆரம்பித்தால் பேச்சு முழுக்க எம்.ஜி.ஆரோடு போய்விடும். கூலி எவ்வளவு, காசாகவா நெல்லாகவா, ராத்திரி எங்கே படுத்தீர்கள், சாப்பாடு யார் வீட்டிலிருந்து வந்தது, எந்தப் பாத்திரத்தில் கொடுத்தார்கள், முதலாளி உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார், மிஷினைத் தொட யார் யாருக்கு அனுமதி என்று கேளுங்கள். தொழில் எப்படி இயங்கியது என்பது இந்தக் கேள்விகளில்தான் வெளிப்படும். பாட்டிகளிடம் தனியாகப் பேசுங்கள். ஆண்கள் கூட இருந்தால் அவர்கள் வாய் திறப்பதில்லை. பெயரை வெளியிடலாமா என்று கேட்காமல் எதையும் வெளியிடாதீர்கள். செல்போனில் பதிவு செய்ததை ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொரு வேலை நம் சினிமா மேல் கேள்வி எழுப்புவது. இன்று நம் வாழ்க்கையை நாமே எடுக்கிறோம். ‘மெட்ராஸ்’, ‘பரியேறும் பெருமாள்’ போன்ற படங்கள் வந்துவிட்டன. நம் இயக்குநர்களின் பெயர் டைட்டிலில் பெரிய எழுத்தில் வருகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு தலித் பெண், தான் யார் என்பதை மறைக்காமல், எந்தச் சாதிப் பெண்ணின் வேடத்தையும் ஏற்று நாயகியாக நிற்க இன்று முடிகிறதா? எத்தனை பெயர்களை நம்மால் சொல்ல முடிகிறது? ரோசி பெயரில் விழா எடுக்கும் நாம் இந்தக் கேள்வியை நம் ஆட்களிடமும் கேட்டாக வேண்டும்.

ரோசி 1980களின் பிற்பகுதி வரை உயிரோடு இருந்தார் என்று குறிப்புகள் சொல்கின்றன. தமிழ்நாட்டில்தான் இருந்தார். ஐம்பது வருடங்களுக்கு மேல். அந்தக் காலத்தில் டேப் ரிக்கார்டர் டீக்கடையில்கூட இருந்தது. யாரும் போய் அவர் முன்னால் அதை வைத்து “அம்மா, அன்றைக்கு என்ன நடந்தது?” என்று கேட்கவில்லை. உங்கள் ஊர்ச் சேரியில், உங்கள் தெருவிலேயே, அப்படி ஒருவர் இப்போது திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம். இந்த விடுமுறையில் போய்க் கேளுங்கள்.

ஜெய்பீம்.